பாப்பாவின் பல்லும் உன் பல்லும்

அன்புள்ள கண்ணு,

போனில் சொன்னால் "மீட்டிங் இருக்கும்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்பாவுக்குச் சர்க்கரை பரவாயில்லை. மற்றதெல்லாம் அப்புறம்.

ஞாயிற்றுக்கிழமை பாப்பா ஸ்கூல் பாட்டுப் பாடினாளே, அப்போது பார்த்தேன். பின்பல் கடித்திருக்கிறது, ஆனால் முன்னால் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சேரவில்லை. நடுவே நாக்கு தெரிகிறது. பாட்டு முடிந்ததும் கட்டைவிரல் வாய்க்குள் போனதையும் பார்த்தேன், நீ சட்டென்று கேமராவைத் திருப்பியதையும் பார்த்தேன். நாலு வயதிலேயே விட்ட பழக்கம் அது. எட்டு வயதில் ஏன் திரும்பி வந்தது?

கோட்டை ஸ்டேஷனுக்கு எதிரே பல் ஆஸ்பத்திரியில், கிளிப் போடும் டிபார்ட்மெண்டில் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவள் நான். கொஞ்சம் காது கொடு.

அமெரிக்காவில் ஆர்த்தோ டாக்டர்கள், அதாவது பல்லை வரிசைப்படுத்தும் டாக்டர்களின் சங்கம், 7 வயதுக்குள் குழந்தையை ஒரு தடவை காட்டிவிடச் சொல்கிறது. காட்டினால் உடனே கம்பி கட்டிவிடுவார்கள் என்று பயப்படாதே. நிறையப் பிள்ளைகளை "வளரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று அனுப்பிவிடுவார்கள். அந்த வயதில் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல்லும் முன்பல் சிலதும் வந்திருக்கும், தாடை எந்தப் பக்கம் போகிறது என்பது தெரிந்துவிடும். பாப்பாவுக்கு ஒரு வருஷம் தாண்டிவிட்டது. இந்த மாதமே பல் டாக்டரிடம் காட்டு.

விரல் சூப்பினால் முன்பல் தள்ளிக்கொண்டு வருவது மட்டும் இல்லை. உறிஞ்சும்போது கன்னம் இரண்டு பக்கமும் அழுத்தி மேல் தாடை குறுகும். சீக்கிரம் விட்டால் முன்னால் இருக்கும் இடைவெளி பெரும்பாலும் தானாகவே குறைந்துவிடும். விடவே முடியாவிட்டால் விரல் போகாதபடி அண்ணத்தில் ஒரு கம்பி வைப்பார்கள். தாடை ஏற்கெனவே குறுகியிருந்தால், அதை விரிக்க அண்ணத்தில் எக்ஸ்பாண்டர் என்ற கருவி வைப்பார்கள். சின்னச் சாவியால் ஒரு திருப்பு திருப்பினால் கால் மில்லிமீட்டர் விரியும். இந்த வயதில் அண்ணத்தின் நடுக்கோடு எலும்பாக இறுகியிருக்காது, அதனால் சுலபம். வளர்ந்த பிறகு அதே வேலைக்கு எலும்பில் ஸ்க்ரூ, சிலருக்கு ஆபரேஷன்.

வேப்பெண்ணெய் தடவாதே. திட்டாதே. கேஸ் ஷீட் எழுதும்போது விரல் சூப்பும் பிள்ளைகளின் அம்மாக்களிடம் நாங்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: சமீபத்தில் வீட்டில் ஏதாவது மாறியதா? தம்பி பிறந்தான், வீடு மாறினோம், அப்பா தனியாக வேறு ஊரில் இருக்கிறார், இப்படி ஏதாவது வரும். நான் உன்னைக் கேட்கவில்லை. அங்கே டாக்டர் கேட்டால் மறைக்காமல் சொல்.

அங்கே இங்கிலாந்தில் 18 வயதுக்குள் என்றால் என்.எச்.எஸ். என்கிற அரசு வைத்தியத்தில் கம்பி இலவசம்தான், ஆனால் எல்லோருக்கும் இல்லை. வைத்தியம் எவ்வளவு அவசியம் என்று பார்க்க 1 முதல் 5 வரை ஒரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள். 4, 5 என்றால் கிடைக்கும், 3 என்றால் பல் எப்படித் தெரிகிறது என்பதையும் பார்த்துத்தான். முழுக் கிளிப் பெரும்பாலும் 12 வயது வாக்கில், பால் பல் எல்லாம் விழுந்த பிறகு. வரிசை நீளமாம். அதனால்தான் திரும்பச் சொல்கிறேன், இந்த மாதமே காட்டு.

இனி உன் விஷயம். நீ அலைனர், அதுதான் கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் உறை, போடப் போவதாகச் சித்தி சொன்னாள். என்னிடம் சொல்லக் கூடாதா? கிளிப்போடு மேடை ஏறி மாவட்டப் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கியவள் நீ. நாலு பல் எடுத்து, இரண்டு வருஷம் இழுத்து, அப்படி வரிசையாக வந்த பல். பல் நகராமல் பிடித்து வைக்கக் கொடுத்த ரிடெய்னரை டிஷ்யூவில் சுற்றி காலேஜ் கேண்டீனில் விட்டுவிட்டு வந்தாய், புதிது செய்ய வா என்றால் வரவில்லை. பல் பழைய இடத்துக்குத் திரும்பத்தான் பார்க்கும் என்று எத்தனை தடவை சொன்னேன்!

பெரியவர்களுக்கும் பல் நகரும், அதில் சந்தேகம் இல்லை. ஒரு பக்கம் எலும்பு கரைந்து மறுபக்கம் புதிதாக வளர்வதால்தான் நகர்கிறது, அதற்கு வயது வரம்பு கிடையாது. ஆனால் தாடை இனி வளராது. ஈறு சுத்தமாக இருக்க வேண்டும், அதை முதலில் பார்க்கச் சொல். உன்னுடையது கொஞ்சம் நெருக்கம்தான், அலைனர் போதும் என்று நினைக்கிறேன். ஒரு நாளைக்கு 20, 22 மணி நேரம் போட வேண்டும். காபிக்குக் கழற்றி மறந்து வைத்தால் வேலைக்கு ஆகாது. உன்னைத் தெரிந்துதான் சொல்கிறேன். கழற்ற முடியாத கிளிப் உனக்கு நல்லது. வெளியே தெரியக் கூடாதென்றால் பல் நிறத்தில் செராமிக் இருக்கிறது. அச்செடுக்கும் பெட்டியைத் தபாலில் அனுப்புகிறவர்களிடம் மட்டும் போகாதே. அப்படித் தபாலில் அலைனர் விற்ற ஸ்மைல் டைரக்ட் கிளப் கம்பெனி 2023 டிசம்பரில் திடீரென்று மூடியபோது எத்தனை பேர் பாதி வைத்தியத்தோடு நின்றார்கள்.

ஆனால் ஏன் இப்போது? யாராவது உன் பல்லைப் பற்றி ஏதாவது சொன்னார்களா? உனக்கே ஆசை என்றால் தாராளமாகப் போட்டுக்கொள், பணம் நான் தருகிறேன். இன்னொருவர் முகத்துக்காக என்றால் வேண்டாம்மா.

பொங்கலுக்குப் பிறகு மாப்பிள்ளையை ஸ்கிரீனில் பார்க்கவே இல்லை. வேலை அதிகம் என்றாய். சரி.

இன்னொன்று. இந்த வைத்தியத்தை ஆரம்பித்த டாக்டரிடமே முடிக்க வேண்டும். பாதியில் ஊர் மாறினால் புது டாக்டர் தொடத் தயங்குவார், பணமும் இரண்டு தடவை ஆகும். அடுத்த ஒன்றரை வருஷம் எங்கே இருக்கப்போகிறாய் என்று முடிவு செய்துகொண்டு ஆரம்பி. பாப்பாவுக்கும் அதேதான்.

ஜூலை கடைசியில் ஸ்கூல் லீவு விட்டதும் வா. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காவிட்டால் நீங்கள் இருவர் மட்டும் வாருங்கள். மாடி போர்ஷன் காலியாகிவிட்டது. அதை வாடகைக்கு விட வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அங்கே எடுக்கும் எக்ஸ்ரே எல்லாவற்றையும் மறக்காமல் வாங்கிக்கொண்டு வா, ஒரிஜினலாக.

அம்மா