வாரநாள் மெழுகுவர்த்திகளை எங்கே விட்டோம்?

மதிப்புக்குரிய ஆசிரியர் ஐயாவுக்கு, ஸ்தோத்திரம்.

டிசம்பர் இதழின் முதல் கட்டுரையில் ஒரு வரி வந்திருக்கிறது. பலகாரம் சுடுவதிலும் துணி எடுப்பதிலும் நம் தாய்மார்கள், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு வாரக் காத்திருப்பான அட்வெந்து காலத்தைத் தொலைத்துவிடுகிறார்களாம். எழுதியவர் பெரிய ஊழியர், நிறையப் படித்தவர், அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்த வரியைப் படித்தபோது நான் அதிரசத்துக்குப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தேன் ஐயா. ஒரு கையில் கரண்டி, இன்னொரு கையில் உங்கள் பத்திரிகை. பாகு முற்றிப்போய்விட்டது. மாவு வீணானதைவிட அந்த வார்த்தைதான் வலித்தது, இரண்டு நாளாக மனசு ஆறவில்லை.

அதிரசம் செய்கிறவர்களுக்குத் தெரியும். அரிசியை ஊறவைத்து, ஈரத்தோடு இடித்துச் சலித்து, வெல்லப் பாகைப் பதம் பார்த்து ஊற்றிப் பிசைந்து, அந்த மாவை இரண்டு மூன்று நாளாவது மூடி வைக்க வேண்டும். அவசரப்பட்டால் எண்ணெயில் பிரிந்துபோகும். என் மாமியாரிடம் அட்வெந்து என்றால் என்ன என்று கேட்டால் விளக்கிச் சொல்லத் தெரியாது, ஆனால் மாவுப் பானையை மூடும்போது அதன்மேல் கை வைத்து ஜெபம் பண்ணாமல் அவர் நகர்ந்ததே இல்லை. இப்போது கண் மங்கிவிட்டது, அந்த ஜெபம் மட்டும் நிற்கவில்லை. அவரைப் பார்த்து ‘தொலைத்துவிட்டாய்’ என்று யாரால் சொல்ல முடியும்?

வேதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆலயத்தில் தூபம் காட்டிக்கொண்டிருந்த சகரியா, தூதன் நேரில் வந்து சொல்லியும் நம்பாமல் ஊமையாகிப்போனார். எலிசபெத்து ஐந்து மாதம் வீட்டுக்குள்ளேயே இருந்தாள். மரியாள் மலைநாட்டுக்கு வந்து அவளோடு ஏறக்குறைய மூன்று மாதம் தங்கினாள். வயதான ஒரு கர்ப்பிணியும், இளம் பெண் ஒருத்தியும், பேச முடியாத ஒரு பெரியவரும் இருந்த அந்த வீட்டில் மூன்று மாதமும் அடுப்பு எரியாமலா இருந்திருக்கும்? முதல் அட்வெந்து அந்த வீட்டுக்குள்ளேதான் நடந்தது என்று நான் நம்புகிறேன்.

எங்கள் வீடு தோட்டப்பாளையத்தில். மாடியில் இரண்டு அறை இருக்கிறது, சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். வேலூர்க்காரர்களுக்கு இது புதிதல்ல, வங்காளம், ஜார்க்கண்ட், அஸ்ஸாம் என்று எங்கிருந்தெல்லாமோ ரயிலில் வந்து காட்பாடியில் இறங்கி, சின்ன அடுப்பு வாங்கி, பருப்பும் அரிசியும் வாங்கி, தாங்களே பொங்கித் தின்றுகொண்டு ரிப்போர்ட்டுக்காகக் காத்திருப்பார்கள். போன வருஷம் இதே நாட்களில் கல்கத்தா பக்கத்திலிருந்து ஓர் அம்மா ஏழு வயதுப் பையனோடு வந்திருந்தார். பதினோரு நாள். தினமும் சாயங்காலம் காந்தி ரோட்டிலிருந்து நடந்து வந்து படியேறும்போது என்னைப் பார்த்து “நாளைக்கு” என்பார். அவர் முதலில் கற்றுக்கொண்ட தமிழ் வார்த்தையே அதுதான். அவர் நம் மார்க்கம் இல்லை, அட்வெந்து என்பதைக் கேள்விப்பட்டும் இருக்கமாட்டார். ஆனால் காத்திருப்பது என்றால் என்ன என்று இத்தனை வருஷப் பிரசங்கத்தில் நான் கற்காததை அந்தப் பதினோரு நாளில் கற்றேன். காலையில் அவருக்கும் சேர்த்து இரண்டு இட்லி அதிகமாக வார்த்தேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது. இது அட்வெந்து இல்லையென்றால் வேறு எது என்று உங்கள் கட்டுரையாளரைக் கேட்டுச் சொல்லுங்கள்.

அப்புறம் கேரல் ரவுண்ட்ஸ், கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிக்கொண்டு வீடு வீடாகப் போவது. அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பையனுக்கு மருந்து ஏற்றி வாந்தி எடுத்துக் களைத்துப்போய்த் தூங்கின ராத்திரி, ஒன்றரை மணிக்கு டிரம்மும் ஒலிபெருக்கியுமாக வந்து எங்கள் வாசலில் நின்றார்கள். மெதுவாகப் பாடுங்கள் தம்பி, மேலே பிள்ளை இருக்கிறது என்றேன். அதற்கு ஒரு பெரியவர், வருஷத்துக்கு ஒரு நாள் கர்த்தருக்காகத் தூக்கத்தை விடக் கூடாதா என்று கேட்டார். எந்தச் சபை என்று எழுதமாட்டேன். கேரல் வேண்டாம் என்று சொல்கிறவள் இல்லை நான், சின்ன வயதில் நானும் பனியில் முக்காடு போட்டுக்கொண்டு தெருத்தெருவாகப் பாடிப் போனவள்தான். ஆனால் நடு ராத்திரியில் கதவு தட்டுவது என்றால் இந்த ஊர்க்காரர்களுக்கு வேறொன்று ஞாபகம் வரவேண்டும் ஐயா. ஐடா ஸ்கடர் அம்மையார் திண்டிவனத்தில் இருந்தபோது ஒரே ராத்திரியில் மூன்று ஆண்கள் வந்து கதவைத் தட்டினார்கள், மூன்று பேரின் மனைவியும் பிரசவ வலியில். “என் அப்பா டாக்டர், அவரைக் கூட்டிப்போங்கள்” என்று அம்மையார் சொன்னதற்கு, ஆண் டாக்டர் வேண்டாம் என்று திரும்பிப்போனார்கள். மூன்று பெண்களும் செத்துப்போனார்கள். அந்தத் தட்டலைக் கேட்டுத்தான் அவர் டாக்டருக்குப் படித்து, 1900இல் வேலூரில் அப்பாவின் பங்களாவில் ஒரே ஒரு கட்டிலோடு இந்த ஆஸ்பத்திரியை ஆரம்பித்தார். உங்களுக்குத் தெரியாததா, உங்கள் பத்திரிகையிலேயே எத்தனை முறை வந்திருக்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன், நீங்கள் அதைப் பத்திரிகையில் போடவில்லை. மெழுகுவர்த்திகளை வட்டமாக வைத்து ஏற்றும் அட்வெந்து வளையம் ஆதித் திருச்சபைக் காலத்து வழக்கம் என்று அப்போது எழுதியிருந்தீர்கள். அப்படி இல்லை. 1839இல் ஹாம்பர்க்கில் ஆதரவற்ற பிள்ளைகளின் இல்லத்தை நடத்திய யோஹான் ஹின்ரிக் விஹெர்ன் என்ற போதகர் ஏற்படுத்தியது. கிறிஸ்துமஸ் வந்துவிட்டதா, வந்துவிட்டதா என்று பிள்ளைகள் நச்சரித்ததால், ஒரு பழைய வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை வைத்து நாளுக்கு ஒன்றாக ஏற்றினார் என்பார்கள். ஞாயிறுகளுக்கு நாலு பெரியது, வாரநாட்களுக்குச் சின்னச் சின்னதாக நிறைய. அந்தச் சின்ன மெழுகுவர்த்திகள்தான் பிற்பாடு காணாமல் போனவை. நாம் ஞாயிறு நாலை மட்டும் வைத்துக்கொண்டோம், நம்பிக்கை, சமாதானம், சந்தோஷம், அன்பு என்று பேரும் வைத்தோம், சரி, நல்லதுதான். ஆனால் திங்கள் முதல் சனி வரைக்கும்? தண்ணீர் பிடித்து, பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்பி, ராணிப்பேட்டைக்கும் ஆம்பூருக்கும் ஷூ கம்பெனி வேலைக்கு விடியற்காலை பஸ் பிடிக்கிறவர்கள் எந்த மெழுகுவர்த்தியை ஏற்றுவது? அந்தக் கடிதத்தில் நான் கேட்டது இதைத்தான்.

மகளிர் பக்கத்தைப் பற்றியும் மனத்தாங்கல் உண்டு. வருஷா வருஷம் டிசம்பரில் அந்தப் பக்கத்தில் கேக்கும் கலகலாவும் செய்முறை வருகிறது, நானும் பார்த்துச் செய்கிறேன். அதே இதழின் முன் பக்கத்தில், அதைச் செய்கிறவர்கள் பக்தியைத் தொலைத்தவர்கள் என்று வருகிறது. இரண்டையும் ஒரே இதழில் போட்டால் நாங்கள் என்ன நினைப்பது?

இப்போது நான் கேட்பது ஒன்றுதான். அட்வெந்தின் முதல் ஞாயிறு நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் நடுவில் வந்துவிடும். உங்கள் டிசம்பர் இதழ் என் கைக்கு வரும்போது எட்டாம் தேதி, ஒன்பதாம் தேதி ஆகிவிடுகிறது. அதில் வேதபாட அட்டவணை இருந்து என்ன பிரயோஜனம்? முதல் ஞாயிறு முடிந்து, சில வருஷம் இரண்டாவதும் முடிந்திருக்கும். அடுத்த வருஷமாவது அதை நவம்பர் இதழிலேயே போடுங்கள். ஞாயிறுகளுக்கு மட்டும் இல்லாமல் வாரநாட்களுக்கும் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வசனமாவது குறித்து, மாமியார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரிப் பெரிய எழுத்தில், முழுப் பக்கமாக. பின்பக்கத்தில் விளம்பரம் போடாமல் விட்டால் நல்லது, கிழித்து அரிசி டிரம்முக்கு மேலே சுவரில் ஒட்டிக்கொள்வேன். மேல்மாடிக்கும் ஒன்று வேண்டும், அதனால் இரண்டு பிரதி அனுப்பினால் அதற்கான பணத்தைச் சந்தாவோடு சேர்த்துக் கட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தோட்டப்பாளையம், வேலூர்.