சித்தப்பாவுக்கு டோக்கியோவிலிருந்து

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். சித்தியின் முழங்கால் வலி குறைந்ததா?

போன வாரம் ஃபோனில் நீங்கள் கோபப்பட்டது மனதிலேயே நிற்கிறது. போட்டிக்கு வரும் பிள்ளைகள் தொட்டுப் புள்ளி எடுப்பதையே பார்க்கிறார்கள், காலடி வரிசை பழகப் பொறுமை இல்லை, சிலம்பம் கெட்டுவிட்டது என்றீர்கள். அதற்குத்தான் இந்தக் கடிதம். ஃபோனில் பேசினால் பாதியிலேயே அதட்டிவிடுவீர்கள்.

நான் இருப்பது டோக்கியோவின் நிஷி கசாய் பகுதியில். இந்தியர்கள் நிறைய இருப்பதால் கறிவேப்பிலைக்கும் பஞ்சமில்லை. ரயிலில் நின்றபடியே தூங்கப் பழகிவிட்டேன். வாரத்தில் இரண்டு மாலை, பக்கத்து விளையாட்டுக் கூடத்தில் ஜூடோ. முதலில் விழுவதற்குத்தான் பாடம். ஆசிரியருக்கு எழுபதைத் தாண்டிய வயது. கடுங்குளிரிலும் வெறுங்காலோடு எங்களுக்கு முன்பே பாயில் நிற்பார். பள்ளிப் பிள்ளைகளும் ரிட்டையர் ஆனவர்களும் ஒன்றாகத்தான் பழகுகிறோம். அதிகம் பேச்சு கிடையாது.

இந்த ஜூடோ ஒன்றும் ஆதிகாலத்தது இல்லை. 1882-இல் ஜிகோரோ கானோ என்ற 21 வயது இளைஞர், தான் கற்ற ஜுஜுட்சு என்ற பழைய ஜப்பானியச் சண்டைக்கலை முறைகளிலிருந்து தேவையானதை எடுத்து, ஒரு புத்தர் கோயிலில் 12 பாய் விரித்த அறையில் தொடங்கியது. 1895-இல் வீச்சுகளுக்கு, அதாவது ஆளைத் தூக்கிப் போடும் முறைகளுக்கு, ஒரு பாட வரிசை வந்தது. 1920-இல் அதில் 8-ஐக் கழித்து 6-ஐப் புதிதாகச் சேர்த்தார்கள். கானோ உயிரோடு இருக்கும்போதே! கழித்த 8-ஐயும், அவர் நிறுவிய கோடோகான் என்ற ஜூடோ பள்ளி 1982-இல் மறுபடி பட்டியலில் ஏற்றிக்கொண்டது.

1964 டோக்கியோ ஒலிம்பிக்கில், எடை வரம்பில்லாத பிரிவில் நெதர்லாந்தின் ஆன்டன் கீசிங்க் ஜப்பானியரையே சாய்த்துத் தங்கம் வாங்கினார். விளையாட்டு உலகத்துக்குச் சொந்தமாகிவிட்டால் விதியும் அப்படித்தானே? மோதும் இருவரில் ஒருவருக்கு வெள்ளைக்குப் பதில் நீல உடை என்றார்கள். ஜப்பான் எதிர்த்தும் நடந்தது. 2010-இல் எதிராளியின் காலைக் கையால் பிடிக்கக் கட்டுப்பாடு, 2013-இல் முழுத் தடை.

ஆனால் போட்டி விதிக்காகக் கட்டாவில் யாரும் கைவைக்கவில்லை. நம் வரிசைபோல முறை மாறாமல், இருவராகச் செய்வது அது. வீச்சுக்கான கட்டாவில் மொத்தம் 15. அதில் எதிராளியின் தொடைக்குள் கைவிட்டுத் தோளில் தூக்கிப் போடுவதும் ஒன்று. உலகப் போட்டியில் செய்தால் தண்டனை, இங்கே கறுப்புப் பட்டைத் தேர்வில் செய்து காட்ட வேண்டும்! 2025-இல் அகில ஜப்பான் போட்டியில் காலைப் பிடிக்க மறுபடி இடம் கொடுத்தார்கள். சொல்லித் தர ஆள் இருந்ததால் அது முடிந்தது.

ஆட்ட விதி மாறினால் மாறட்டும், சித்தப்பா. பதக்கம் கிடைக்கும் பக்கம்தான் பிள்ளைகள் போவார்கள், அதைக் குற்றம் சொல்லாதீர்கள். என் பயம் வேறு. தாத்தாவின் வரிசைகளில் எத்தனை இன்று உங்கள் ஒருவரிடம் மட்டும் இருக்கின்றன? தகுதியானவன் வரட்டும் என்று நீங்கள் அவற்றைப் பூட்டி வைத்திருப்பதுதான், எந்தப் போட்டி விதியையும்விட எனக்குக் கவலையாக இருக்கிறது.

தம்பியிடம் ஒரு ஃபோன் ஸ்டாண்டு வாங்கச் சொல்லியிருக்கிறேன். சலாம் வரிசையில் தொடங்கி எல்லாவற்றையும் எடுக்கட்டும். வீடியோ மட்டும் போதாது. ஞாயிறு காலையில் இரண்டு பிள்ளைகளாவது முழுசாகக் கற்கட்டும், அவர்கள் செலவு என் பொறுப்பு.

ஏப்ரல் கடைசியில் இங்கே தொடர் விடுமுறை. வந்தால் உங்களுக்கு விழக் கற்றுத் தருகிறேன், திட்டாதீர்கள்.

உங்கள் அன்பு மகன்