எல்ஃபுக்குப் பிடிமண் கொடுப்பது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் சிறுவர் பக்கத்தில் வரும் மாயக் கதைகளை ஏழாவது படிக்கும் என் பேத்தி ஒன்று விடாமல் படிக்கிறாள். இப்போது அவளே ஒரு கதை எழுதுகிறாள். ஒரு காடு, அதில் எல்ஃப் என்கிற காட்டு மாந்தர். காட்டை ஒட்டி வயல், அதில் விவசாயிகள். போன வாரம் நோட்டை எடுத்துவந்து, "ஐயா, இந்த ரெண்டு பேரும் சண்டை போடாம எப்படி இருப்பாங்க?" என்று கேட்டாள். நான் கல்லல் பக்கம் நாற்பது வருடமாகக் கண்மாய்த் தண்ணீரில் நெல்லும் மேட்டில் கடலையும் போடுகிறவன். அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுத வேண்டும் என்று தோன்றியது.

அவள் முதலில் எழுதியிருந்தது இப்படி: வயல் காய்கிறது. எல்ஃப் மந்திரம் சொல்லி மழையை வரவழைக்கிறது. விவசாயி கும்பிடுகிறான். எல்லாரும் சிநேகிதர்கள். "மழை சும்மா வந்துட்டா, ஒருத்தருக்கு ஒருத்தர் என்ன கடமை இருக்கு ஆத்தா?" என்றேன். அவளுக்கு முகம் வாடிவிட்டது.

மறுநாள் காலையில் ஊர் எல்லையில் இருக்கும் ஐயனார் கோயில் காட்டுக்குக் கூட்டிப்போனேன். வீரை, பாலை, உசிலை, நாவல், நடுவில் காரையும் சூரையும் கொடி பின்னிக் கிடக்கும். செருப்பை வெளியே விட வேண்டும். பச்சைக் கொம்பை ஒடிக்கக் கூடாது. விழுந்த சுள்ளியை எடுத்து அங்கேயே பொங்கல் வைக்கலாம், வீட்டு அடுப்புக்குக் கொண்டுவரக் கூடாது. என் அப்பத்தா காலத்தில் விறகுக்கு அலையாத வீடு கிடையாது. அப்போதும் அந்தக் காட்டில் யாரும் கை வைத்ததில்லை.

அப்புறம் குதிரைகள். ஐயனாருக்கு மண்குதிரை எடுக்கும் திருவிழாவான புரவி எடுப்புக்கு நாள் குறித்ததும் ஊரார் மண்பாண்டம் செய்யும் வேளாரிடம் பிடிமண், அதாவது ஊர் மண்ணில் ஒரு பிடி, கொடுப்பார்கள். அவர் அந்த மண்ணையும் சேர்த்துக் குதிரை செய்து சுட்டுத் தருவார். வர்ணம் பூசி, மாலை போட்டு, தோளில் சுமந்துபோய் ஐயனார் முன்னால் இறக்கி வைப்போம். ராத்திரியில் அவர் அதில் ஏறி ஊர் எல்லையையும் கண்மாய்க் கரையையும் சுற்றிக் காவல் காப்பார் என்பது எங்கள் நம்பிக்கை. பழைய குதிரைகளை யாரும் அப்புறப்படுத்துவதில்லை. கால் உடைந்து, கழுத்து விழுந்து, மெல்ல மண்ணோடு மண்ணாகும். உடைந்து கிடந்த ஒரு காதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நம்ம மண்ணு திரும்ப இங்கயே வந்துருச்சு" என்றாள். அன்றைக்கு அவள் பேசியது அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் எல்ஃப் எந்த ஊர்க்காரர் என்று தேடி எனக்குப் படித்துக் காட்டினாள். வட ஐரோப்பாவாம். சுமார் ஆயிரம் வருடத்துக்கு முன் ஸ்வீடன் பக்கத்துப் பண்ணை வீடுகளில் இலையுதிர் காலத்தில் எல்ஃபுக்குப் படையல் போடுவார்களாம். அந்த நேரத்தில் வந்து தங்க இடம் கேட்ட ஒரு கவிஞரை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு அது அந்நியமாகவே படவில்லை. காப்புக் கட்டிவிட்டால் நாங்களும் வெளியூரில் ராத்தங்குவதில்லை. ஐஸ்லாந்தில் எல்ஃப் குடியிருப்பதாகச் சொல்லும் பாறையை உடைக்காமல் சாலையை ஒதுக்கிப் போட்டிருக்கிறார்கள்.

அவள் கதையில் விட்டுப்போனது நஷ்டம். காட்டில் இருப்பவை வயலுக்கு வராமல் இருக்காது. போன பட்டத்தில் என் கடலையை முளையிலேயே மயில் கொத்தியது, மிச்சத்தில் பாதியைப் பன்றி கிளறிவிட்டது. மூன்று ராத்திரி தகரத்தைத் தட்டிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தேன். மனு கொடுத்தேன், பதில் இல்லை. எல்ஃப் வளர்க்கும் மான் வயலில் இறங்கினால் அந்த விவசாயிக்கும் வயிறு எரியத்தான் செய்யும். வயிறு எரிந்தவன் மறுநாள் அரிவாளோடு காட்டுக்குள் போகாமல் ஏன் நின்றான், அதை எழுது என்றேன்.

திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடியில் 1977-லிருந்து பறவைகள் சரணாலயம் இருக்கிறது. பறவைகள் மிரளும் என்று கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வெடி இல்லாத தீபாவளி பிள்ளைகளுக்குச் சின்ன விஷயமா? அந்தப் பிள்ளைகள் விட்டுக்கொடுத்ததை வைத்தே ஒரு கதை எழுதலாம். நத்தைகுத்தி நாரைகள் கண்மாய் மரங்களில் கூடு கட்டுகின்றன. எச்சம் விழுந்த தண்ணீர் பயிருக்கு நல்லது என்பது விவசாயிக்குத் தெரியும்.

எங்கள் வட்டாரத்தில் வரிசை வரிசையாக நட்ட தைலமரத்தையும் காடு என்றே சொல்கிறார்கள். பழம் கிடையாது, பொந்து கிடையாது, அடியில் புதர்கூடக் கிடையாது. எல்ஃப் அங்கே குடியிருக்குமா என்று கேட்டேன். "இருக்காது ஐயா. அது வெட்டுறதுக்குன்னு வச்சது" என்று உடனே சொன்னாள்.

ஆசிரியர் அவர்களே, மாய உலகம் என்றால் பனிமலையும் ஊசியிலை மரமும் என்றே நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். என் பேத்தியின் காட்டிலும் பனிதான் பெய்துகொண்டிருந்தது. இப்போது அங்கே வீரை மரம் நிற்கிறது. தங்கள் ஊர்க் கோயில் காட்டில் எதைச் செய்யலாம், எது ஆகாது என்று பெரியவர்களிடம் கேட்டு, அதிலிருந்து பிள்ளைகள் எழுதும் கதைகளுக்கு மாதம் ஒருமுறை அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள். எங்கள் ஊரில் அந்தக் கட்டுப்பாடுகளை முழுதாகச் சொல்லக்கூடியவர்கள் என்னையும் சேர்த்து நாலைந்து பேர்தான். எல்லாருக்கும் அறுபதுக்கு மேல்.

பேத்தியின் கதையில் இப்போது எல்ஃப் பெண்ணொருத்தி மண்குதிரை செய்கிறாள், விவசாயி பிடிமண் கொண்டுபோய்க் கொடுக்கிறான். மான் தின்ற கடலைக்கு எல்ஃப் என்ன ஈடு தர வேண்டும் என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. முடித்ததும் உங்களுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
கல்லல், சிவகங்கை மாவட்டம்.