முட்டியில் எடுத்த நீரைக் கொட்டிவிடாதீர்கள்

தேனி, இடுக்கி அரசு மருத்துவக் கல்லூரிகளின் எலும்பு மூட்டுப் பிரிவு மருத்துவர்களுக்கும், திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையத்தின் ஆய்வாளர்களுக்கும்

வணக்கம்.

நான் குமுளியில் ஒரு சிறிய லேபில் டெக்னீஷியனாக இருக்கிறேன். வீடு வண்டன்மேடு பக்கம். அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் ஏலக்காட்டில் காய் எடுத்தவர். போன கார்த்திகையில் அவருடைய வலது முட்டி பந்து மாதிரி வீங்கிவிட்டது. ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, இரண்டு சிரிஞ்ச் நிறைய நீர் எடுத்தார். இளமஞ்சள் நிறம், கலங்கல் இல்லை. கிருமி இருக்கிறதா என்று பார்க்கக் கொஞ்சம் போனது. மிச்சத்தை நர்ஸம்மா ப்ளீச்சிங் கரைசல் வாளியில் ஊற்றினார்.

அவர்கள் செய்தது தவறில்லை. அம்மாவுக்கு அன்று ராத்திரியே வலி குறைந்து தூக்கம் வந்தது. கழிவை எப்படி அப்புறப்படுத்த வேண்டுமோ அப்படித்தான் செய்தார்கள். ஆனால் லேபில் வேலை பார்க்கிற என் கண்ணுக்கு, முப்பது வருஷ உழைப்பு அந்த முட்டிக்குள் என்ன செய்தது என்பதற்கான சாட்சி வாளியில் போனது போல இருந்தது. இப்படி மிஞ்சுகிற நீரைக் கொட்டாமல் ஆய்வுக்கு வையுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் இதை எங்கள் பக்கத்து மக்களும் படிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். நல்ல முழங்காலில் இருக்கிற நீர் மூன்று நான்கு மில்லிதான், ஒரு டீஸ்பூன்கூட நிறையாது. வெள்ளைக்கரு மாதிரி வழவழப்பாக, விரலில் தொட்டு இழுத்தால் நூலாக வரும். ஹையலூரோனிக் அமிலமும் லூப்ரிசின் என்ற புரதமும் சேர்ந்து கொடுக்கிற வழவழப்பு அது. எலும்பு முனைகளை மூடியிருக்கிற குருத்தெலும்புக்கு, நாம் ‘ஜவ்வு’ என்கிறோமே அதற்கு, ரத்தக் குழாய் கிடையாது. பெரும்பாலும் இந்த நீர்தான் அதற்குச் சாப்பாடு கொண்டுவருகிறது. அது உதிர்ப்பதெல்லாம் விழுவதும் இதே நீரில்தான்.

மூட்டுத் தேய்மானம் என்று நாம் சொல்வது டயர் தேய்வது போன்ற வெறும் உராய்வு இல்லை. மூட்டுக்குள்ளேயே சில நொதிகள் கிளம்பி ஜவ்வை வெட்டுகின்றன. எம்எம்பி-13 என்ற நொதி, ஜவ்வுக்கு வலுக் கொடுக்கிற கொலாஜன் இழைகளை அறுக்கிறது. அடம்ட்ஸ் வகை நொதிகள் ஜவ்வுக்குள் தண்ணீரைப் பிடித்து வைக்கிற அக்ரிகான் என்ற புரதத்தை நறுக்குகின்றன. அந்தத் துண்டுகளும், காம்ப் என்று சுருக்கிச் சொல்கிற குருத்தெலும்புப் புரதமும் நீரில் வந்து சேர்கின்றன. மூட்டின் உள்சவ்வு அழற்சி கண்டால், ரத்தத்தோடு நிற்க வேண்டிய பெரிய புரதங்களும் உள்ளே கசிகின்றன. ரத்தப் பரிசோதனையில் காம்ப் கூடியிருக்கிறது என்று தெரிந்தாலும், அது எந்த மூட்டிலிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. முட்டி நீரில் பார்த்தால் அந்த முட்டியின் கதைதான்.

எக்ஸ்ரே இந்தக் கதையைச் சொல்வதில்லை. 1957-ல் கெல்கிரன், லாரன்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் தேய்மானத்துக்கு வகுத்த 0 முதல் 4 வரையிலான தரவரிசையைத்தான் இன்னும் பயன்படுத்துகிறோம். ஜவ்வு படத்தில் விழாது, எலும்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பார்த்து ஊகிக்கிறோம். இடைவெளி தெரிகிற அளவுக்குக் குறையும்போது காலம் கடந்துவிட்டது. ஒரே தரத்தில் இருக்கிற இரண்டு பேரில் ஒருவர் மலையேறுகிறார், இன்னொருவர் கட்டிலைப் பிடித்து எழுகிறார். தேய்மானத்தைத் தடுத்து நிறுத்துகிற மருந்து என்று அனுமதி பெற்றது இன்றுவரை ஒன்றுகூட இல்லை.

ஏன் எங்கள் முட்டிகளை என்று கேட்பீர்கள். ஏலச்செடியில் காய் பிடிக்கிற சரம் தூரிலிருந்து புறப்பட்டுத் தரையோடு கிடக்கும். காய் எடுப்பவர் குத்தவைத்துத்தான் எடுக்க வேண்டும். ஒரு தூர் முடிந்ததும் எழுந்து அடுத்ததுக்குப் போய் மறுபடி குத்தவைக்க வேண்டும். சரிவில், ஈரத்தில், நாள் முழுக்க இதுதான். ஆடி ஆவணியில் தொடங்கினால் தை மாசி வரை சுற்றுச் சுற்றாக எடுப்பு நடக்கும். கம்பம், போடி, தேவாரம் பக்கத்துப் பெண்கள் விடியுமுன்னே ஜீப்பில் நெருக்கியடித்து கம்பம்மெட்டும் போடிமெட்டும் ஏறி வருகிறார்கள். குத்தவைப்பதும் மண்டியிடுவதும் முழங்கால் தேய்மானத்தை வரவழைக்கும் என்பது பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்தது. அப்படிப்பட்ட உழைப்பைத் தலைமுறையாகச் செய்கிற கூட்டம் உங்கள் வாசலிலேயே நிற்கிறது.

ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகம் முன்னின்று, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் முட்டி நீரைச் சேர்த்து, ஒவ்வொன்றிலும் ஆறாயிரத்துக்கும் மேலான புரதங்களை அளந்து பார்க்கிற ஸ்டெப்-அப் என்ற ஆய்வு நடந்திருக்கிறது. தேய்மானம் ஒரே நோயா, பல நோய்களா என்பதுதான் அவர்கள் கேட்ட கேள்வி. அருமையான கேள்வி. ஆனால் அதில் ஏலக்காட்டில் குத்தவைத்த முட்டி இருக்காது. இன்னொன்றும் இருக்காது: 2006, 2007-ல் கேரளத்தில் பரவிய சிக்குன்குனியா. ‘அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம்தான் முட்டி போச்சு’ என்று சொல்கிற அக்காக்களை வாரம் ஒருவராவது நான் ரத்தம் எடுக்கும்போது பார்க்கிறேன். அது உண்மையா, வயதா, வேலையா? எனக்குத் தெரிந்து, அதைக் கேட்டுப் பார்க்க இந்த நீரைவிடப் பக்கமான இடம் கிடையாது.

சரி, நான் கேட்பது என்ன? புதிதாக யார் முட்டியிலும் ஊசி குத்தச் சொல்லவில்லை. சிகிச்சைக்காக எப்படியும் எடுக்கிற நீரில் மிஞ்சுவதை வையுங்கள். உடனே சென்ட்ரிஃபியூஜில் சுற்றி செல்களைப் பிரித்து, சின்னச் சின்னக் குழாய்களில் பங்கிட்டு, மைனஸ் 80 டிகிரியில் உறைய வைக்க வேண்டும். ஒரே குழாயைத் திரும்பத் திரும்ப உருக்கினால் புரதம் கெடும். ரத்தம் கலந்திருந்தால் எழுதி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ரத்தத்தின் புரதத்தை மூட்டின் புரதம் என்று நினைத்துவிடுவோம். எடுத்த நேரம், உறைந்த நேரம் இரண்டும் வேண்டும். கூடவே அந்த மனிதர் என்ன வேலை, எத்தனை வருஷம், எந்தக் காய்ச்சல் வந்தது என்ற விவரமும். காட்டுக்குப் போகாத அதே வயதுப் பெண்களின் நீரும் வேண்டும், ஒப்பிட.

தமிழ்நாடு, கேரளம் இரண்டு மாநிலமும் ஒரே முறையில் இதைச் செய்ய வேண்டும். எங்கள் பெண்களுக்கு எக்ஸ்ரே எடுத்தது தேனியில், மாத்திரை வாங்கியது கட்டப்பனையில், நீர் எடுத்தது இன்னோர் இடத்தில் என்று இருக்கும். ஒருவருடைய முட்டியின் வரலாறு எல்லையில் இரண்டாகக் கிழிந்து கிடக்கிறது. புரதங்களை எடை பார்த்துப் பிரிக்கிற நிறமாலைக் கருவி திருவனந்தபுரத்தில் இருக்கிறது. லண்டனுக்கோ அமெரிக்காவுக்கோ அனுப்ப வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மிச்ச நீர்தானே என்று நினைத்து, நோயாளியிடம் கேட்காமல் எடுக்கக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் மிஞ்சிய மாதிரிகளைப் பற்றியும் பேசுகின்றன. அம்மாவிடம் அன்று நீட்டிய படிவம் மலையாளத்தில் இருந்தது. அவருக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. கைநாட்டு வைத்தார். இடுக்கியில் இந்த ஆய்வு நடந்தால் படிவம் தமிழில் இருக்க வேண்டும், தமிழ் தெரிந்த ஒருவர் வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும், ‘வேண்டாம்’ என்று சொன்னால் சிகிச்சையில் எந்தக் குறையும் வராது என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

இந்த ஆய்வு நாளைக்கே யாருடைய வலியையும் தீர்க்காது என்று எனக்குத் தெரியும். ஒரு முறை எடுத்த நீரில் கூடியிருக்கிற புரதம் நோயை உண்டாக்கியதா, நோயால் உண்டானதா என்று சொல்லிவிட முடியாது. மறுபடி நீர் கோத்து வருபவர்களிடம் மறுபடி பார்க்க வேண்டும், வருஷக்கணக்கில். அம்மாவுக்கு மூட்டு மாற்றச் சொல்கிறார்கள். மாற்றினால் நடக்கலாம், குத்தவைக்கக் கூடாது என்றும் சொல்கிறார்கள். அவருக்கு அறுபத்திரண்டு வயது, இனி காட்டுக்குப் போக வேண்டாம் என்று நாங்கள் சொல்லிவிடலாம். நாற்பது வயதில் முட்டி வீங்கி வருகிற பெண்ணுக்கு அதைச் சொல்ல முடியாது. அவருக்கு எது தேய்கிறது, எதைத் தடுக்கலாம் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும்.

படிவத்தைத் தமிழில் எழுதித் தர நான் தயார். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து படித்துக் காட்டவும், நீரைச் சுற்றிப் பிரித்து வைக்கவும் தயார், அதற்குக் கூலி வேண்டாம். ஆடியில் எடுப்பு தொடங்கிவிடும். அதற்குள் ஒரு ஃப்ரீசரும் ஒரு பதிவேடும் இருந்தால், இந்த வருஷத்து முட்டிகளிலிருந்தே ஆரம்பித்துவிடலாம்.

இப்படிக்கு,
வண்டன்மேட்டிலிருந்து ஒரு காய் எடுப்பவரின் மகள்