மீதி ஆறு புத்தகங்களின் பெயர் என்ன?

பல்கலைக்கழகப் பதிப்புத் துறை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம் ஐயா. போன மாதம் உங்கள் வெளியீட்டு விழாப் படத்தை நாளிதழில் பார்த்தேன். ‘பத்து நூல்கள் வெளியீடு’ என்று தலைப்பு. மேடையில் நின்ற பதினோரு பேரின் பெயர்களும் பதவிகளும் இடமிருந்து வலமாக, ஒருவர் விடாமல் படத்தின் கீழே இருந்தன. புத்தகங்களின் பெயர் ஒன்றுகூட இல்லை. கைப்பேசியில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததில் நான்கு அட்டைகளைப் படிக்க முடிந்தது. மற்ற ஆறையும் விரல்களும் ரிப்பனும் மறைத்துவிட்டன.

உங்கள் இணையதளத்தைப் பற்றி உங்களுக்கே தெரியும். ‘புதியது’ என்று சிவப்பில் மின்னுகிற இடத்தைத் தொட்டால் 2014-ஆம் ஆண்டுப் பட்டியல் திறக்கிறது. அதுவும் சாய்வாக ஸ்கேன் செய்தது.

படிக்க முடிந்த நான்கில் ஒன்று எங்கள் வட்டாரக் கல்வெட்டுகளின் தொகுப்பு. ராமநாதபுரம் பக்கம் ஒரு கல்லூரியில் நான் கௌரவ விரிவுரையாளர். என் மாணவி ஒருத்தி தன் ஊர்க் கண்மாய்க் கரையில் நிற்கும் கல்லை வைத்து முதுகலை ஆய்வேடு எழுதுகிறாள். தொலைபேசியில் கேட்டோம், மூன்று பிரிவுகளுக்கு மாற்றினார்கள், நான்காவதில் மணி மட்டும் அடித்தது. சரி, நேரிலேயே போய்விடலாம் என்று இரவுப் பேருந்தில் கிளம்பினோம். அவளுடைய அப்பா கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர். வழிச்செலவுக்கு அவர் 800 ரூபாய் கொடுத்தனுப்பியிருந்தார்.

காலை ஒன்பதரைக்கு விற்பனை நிலைய வாசலில் நின்றோம். பதினொரு மணிக்குத் திறந்தார்கள். நாங்கள் தேடிப் போன புத்தகம் கண்ணாடி பீரோவுக்குள் எங்களைப் பார்த்தபடி நின்றது.

“புக் இருக்கு சார். சாவி வச்சிருக்கிறவர் மெடிக்கல் லீவு.”

மாற்றுச் சாவி அலுவலரிடம் இருந்தது. அலுவலர் கூட்டத்தில் இருந்தார். மூன்று மணி வரை காத்திருந்தோம். அதற்குள் அங்கிருந்தவர் இன்னொன்றையும் சொல்லிவிட்டார்: சாவி வந்தாலும் ரொக்கம் வாங்க மாட்டார்கள், பதிவாளர் பெயருக்கு வங்கியில் டிடி (வரைவோலை) எடுத்து வர வேண்டும். புத்தகத்தின் விலை 180 ரூபாய். பக்கத்து வங்கிக் கிளையில் கணக்கு இல்லாதவர்களுக்கு டிடி கிடையாது என்றார்கள். வாசலில் டீ விற்பவரிடம்கூட க்யூஆர் அட்டை தொங்குகிறது. அங்கேதான் இரண்டு டீ குடித்துவிட்டுத் திரும்பினோம். கிளம்பும் முன் அவள் கண்ணாடி வழியாக அட்டையை ஒரு படம் எடுத்துக்கொண்டாள். கண்மாய்க் கரைக் கல்லை அவள் எந்த நேரமும் போய்த் தொட்டுப் பார்க்கலாம். அதைப் பற்றிய புத்தகத்தை இன்னும் தொடவில்லை.

அந்த ஊழியர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் தன் நாற்காலியைக் கொடுத்து அவளை உட்காரச் சொன்னார்.

நான் கேட்பது இவ்வளவுதான்: என்ன புத்தகம் வந்திருக்கிறது என்று சொல்லுங்கள், கேட்கிறவர்களுக்கு அனுப்பி வையுங்கள்.

இது புதுமையான யோசனை அல்ல. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1924 தொடங்கிப் பகுதி பகுதியாக வெளிவந்தது. ஆறு தொகுதிகளும் முடிய 1936 ஆனது. முழுவதும் முடியட்டும் என்று பீரோவில் பூட்டி வைத்திருந்தால் முதல் பகுதியைப் பார்க்கவே பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்திருக்க வேண்டும். இன்று அந்த ஒரு லட்சத்துச் சொச்சம் சொற்களையும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் யாரும் காசில்லாமல் தேடலாம். எங்கள் கிராமத்துப் பிள்ளைக்கு சிகாகோ பக்கமாகவும் நீங்கள் தூரமாகவும் இருப்பது எப்படி என்று யோசித்துப் பாருங்கள்.

தாமதம் எல்லா இடத்திலும் உண்டுதான். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி 1534-இல் அச்சிட உரிமை கொடுத்தார். அந்தப் பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் முதல் புத்தகம் வந்தது 1584-இல். ஐம்பது ஆண்டுகள்! ஆனால் இன்று அவர்களுடைய அடுத்த சில மாதத்துப் புத்தகங்களின் பெயரும் பக்கமும் விலையும் இப்போதே ஊருக்கெல்லாம் தெரியும். உங்களிடம் விழா முடிந்த பிறகும் ரகசியம் காக்கப்படுகிறது.

தபால் செலவு ஒரு காரணம் என்றால், அஞ்சல் துறை 2025 மே முதல் ‘ஞான் போஸ்ட்’ என்று புத்தகங்களுக்காகவே ஒரு சேவையைத் தொடங்கியிருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. அதை நாங்களே கொடுத்துவிடுகிறோம்.

இல்லை, இந்த நூல்கள் எங்களுக்காக அச்சிடப்படுவதே இல்லையா? எழுதியவரின் பதவி உயர்வுக் கோப்புக்கு ஒன்று, சிறப்பு விருந்தினருக்குச் சால்வையோடு ஒன்று, நூலகத்துக்குச் சில, மீதி கிடங்குக் கரையானுக்கு என்றுதான் கணக்கா? கரையானிடம் மட்டும் யாரும் டிடி கேட்பதில்லை. எங்கள் கல்லூரியில் பன்னிரண்டு ஆண்டுகளாக நூலகர் பணியிடம் காலி. அங்கேயும் சாவி யாரிடமோ இருக்கிறது. அதை எழுத வேண்டிய மடல் வேறு, மன்னிக்கவும்.

என்ன புத்தகம் வந்திருக்கிறது என்று சொல்லுங்கள், கேட்கிறவர்களுக்கு அனுப்பி வையுங்கள். மாதம் ஒரு பக்கம் போதும்: பெயர், ஆசிரியர், விலை, இருப்பு உண்டா இல்லையா. அப்புறம் பணம் கட்ட டிடி அல்லாத ஒரு வழி. தயவுசெய்து.

இந்த மடலின் நகல் ஒன்றைத் தங்களுக்குத் தபாலிலும் அனுப்பியிருக்கிறேன். உள்ளே தபால்தலை ஒட்டி, என் முகவரி எழுதிய உறை ஒன்று இருக்கிறது. மீதி ஆறு புத்தகங்களின் பெயரை ஒரு தாளில் எழுதி அதில் வைத்து அனுப்புமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் புத்தகத்தைக் கண்ணாடி வழியாகப் பார்த்த ஒரு வாசகன்