பழைய நகைக்கு எந்த விலை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழில் நாள்தோறும் வெளியாகும் தங்க விலையை வாங்கப்போகிறவர்கள் மட்டுமல்லாமல், கையில் இருப்பதை விற்கப்போகிறவர்களும் பார்க்கிறார்கள் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

தனியாக இருந்துவந்த என் தாயாரை எங்களோடு அழைத்துக்கொண்டபோது, அவருடைய வீட்டைக் காலி செய்தோம். பீரோவின் லாக்கருக்குள் ரோஸ் நிறக் காகிதத்தில் மடித்தும், பழைய பிலிம் ரோல் டப்பாவில் போட்டும் அவர் வைத்திருந்த நகைகள் கிடைத்தன. ஜோடி தொலைந்த ஜிமிக்கி, மூன்று துண்டாக அறுந்த சங்கிலி, திருகாணி இல்லாத தோடு, கல் உதிர்ந்த நெக்லஸ், பல் முளைத்த வயதில் நான் கடித்து நசுக்கிய குழந்தை மோதிரம் என்று எதுவும் இனி யாரும் அணியக்கூடியதாக இல்லை. அந்த மோதிரத்தையும் பாட்டியின் எட்டுக்கல் பேசரியையும் எடுத்து வைத்துவிட்டு, மற்றவற்றை விற்றுப் பணத்தை வங்கியில் போட்டுவிடும்படி அம்மாவே சொல்லிவிட்டார்.

கல்லும் அழுக்கும் போக 24 கிராம், அதாவது சரியாக மூன்று பவுன் இருந்தது. முதலில் சென்ற கடையில் டச், அதாவது நூற்றுக்கு எத்தனை பங்கு சுத்தத் தங்கம் என்ற அளவு, 84 என்றார்கள். மனம் ஒப்பாமல், இந்திய தர நிர்ணய அமைவனத்தின் அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையம் ஒன்றில் சில நூறு ரூபாய் கட்டிப் பரிசோதித்தபோது 87 என்று அறிக்கை வந்தது. ஹால்மார்க் முத்திரை இல்லாத பழைய நகையையும் பொதுமக்கள் இவ்வாறு சோதித்துக்கொள்ளலாம் என்பது எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

இரண்டாவது கடையில் அந்த 87-ஐ மறுப்பின்றி ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் 24 கிராமை 87 விழுக்காட்டால் பெருக்கி, கிடைத்த 20.88 கிராமுக்கு அன்றைய 22 காரட் விலையைப் போட்டார்கள். கவனித்தால்தான் இதிலுள்ள இழப்பு புரியும். 20.88 கிராம் என்பது நகையில் உள்ள சுத்தத் தங்கத்தின் எடை. அதற்கு 24 காரட் விலையே பொருந்தும். 22 காரட் என்பது நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம் என்பதால், அந்த விலையில் செம்பு முதலிய கலப்புக்கான குறைவு முன்பே அடங்கியிருக்கிறது. எனவே கலப்புக்கான கழிவு இரண்டு முறை போகிறது. 22 காரட் விலையில்தான் கணக்கிடுவது என்றால் எடையை 22.79 கிராம் என்று கொள்ள வேண்டும். வித்தியாசம் 1.9 கிராம், ஏறத்தாழ கால் பவுன். கேட்டதற்கு, "எல்லாக் கடையிலும் இப்படித்தானம்மா" என்றார் அங்கிருந்த தம்பி. அப்படியில்லை என்பதை மூன்றாவது கடையில் கண்டோம். எங்கள் கண்ணெதிரே உருக்கி, 24 காரட் விலையில் ஒரு விழுக்காடு மட்டும் கழித்துக்கொண்டு, தொகையை அம்மாவின் வங்கிக் கணக்கிலேயே செலுத்தினார்கள்.

நகை வாங்கும்போது கொடுத்த செய்கூலியும் சேதாரமும் திரும்ப வராது என்பது அனைவரும் அறிந்ததே. அதைப் பற்றி எனக்குக் குறையில்லை. கடைக்காரருக்கு நியாயமான கழிவு வேண்டும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2023 ஏப்ரல் 1 முதல், நமக்கு விற்கும் ஹால்மார்க் நகைகளில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாள எண் கட்டாயமாக இருக்க, நம்மிடமிருந்து வாங்கும் நகைக்கோ கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டுவதோடு கணக்கு முடிந்துவிடுகிறது. மொத்த எடை, கல் கழித்த எடை, டச், எந்தக் காரட்டின் விலை, கழிவு எவ்வளவு ஆகியவற்றை எழுதிய சீட்டு ஒன்றை, நகையை உருக்குவதற்கு முன்பும் பின்பும் விற்பவர் கையில் கொடுக்க வேண்டும் என்று அரசு விதி செய்ய வேண்டும். உருக்கிய பிறகு மனம் மாறினால் பழைய நகை திரும்பக் கிடைக்காது என்பதால், முன்பே கொடுக்கும் சீட்டுதான் மிகவும் முக்கியம்.

தங்களிடம் நான் வேண்டுவது சிறியது. நாள்தோறும் வெளியிடும் 22 காரட் விலைக்கு அருகிலேயே 24 காரட் விலையையும், பழைய நகைக்கு அந்த விலையே கணக்கு என்ற ஒரு வரியையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி,
மதுரை.