பச்சை நோட்டின் நடுப்பக்கம்

அன்புள்ள மகளுக்கு,

நம் வீடுகளின் வாடகைக் கணக்கை எழுத நீ அனுப்பிய நான்கு மென்பொருள்களையும் பார்த்தேன். "எது நல்லதுன்னு ஒரே வார்த்தையில சொல்லுங்கப்பா" என்று கேட்டிருந்தாய். ஒரே வார்த்தையில் வரவில்லை, அதனால்தான் கடிதம்.

முதலில், இது நமக்குத் தேவைதானா? மூன்று கட்டடம், ஏழு போர்ஷன். மாதம் ஏழு வாடகை, வருடத்துக்கு 84 வரவு. எக்செல்லில் ஒரு தாளுக்கு 10,48,576 வரிகள் உண்டு. நம் கணக்கு அதில் ஒரு மூலைக்குக் காணாது. வாடகை வந்ததா இல்லையா என்று குறிப்பது மட்டும்தான் வேலை என்றால் சந்தா எதற்கு என்றுதான் கேட்பேன். ஆனால் நீ இருப்பது ஓரிடம், வீடுகள் வேறிடம். பாதிக் கணக்கைத் தம்பி எழுதுகிறான். போன மாதம் இருவரும் அதே கோப்பைத் தனித்தனியாகச் சேமித்துவிட்டு, எது சரி என்று என்னிடம் பஞ்சாயத்துக்கு வந்தீர்கள். யார் எதை எப்போது மாற்றினார்கள் என்று காட்டுகிற, ஒப்பந்தம் முடிவதை முன்கூட்டியே நினைவூட்டுகிற ஒன்று இருந்தால் நல்லதுதான். சரி, வாங்கு.

ஆனால் விளம்பரப் பட்டியலைப் பார்த்து முடிவு செய்யாதே. எல்லாரும் எல்லாம் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். அட்டை கிழிந்த என் பச்சை நோட்டில் நடுப்பக்கத்தைப் பிரித்துப் பார். நீலத்தில் எழுதி, சிவப்பில் அடித்து, பென்சிலில் திருத்திய ஒரு மாதம். எல்லாக் கோளாறும் அந்த மாதத்தில்தான் வந்தது. இரண்டாம் போர்ஷன்காரர் வாடகையை இரண்டு தவணையாகக் கொடுத்தார். நான்காவதில் குழாய் உடைந்து, அவரே ஆள் வைத்துச் சரிசெய்து, செலவைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார். ஐந்தாம் போர்ஷன்காரர் வெளியூர் போகிறேன் என்று இரண்டு மாத வாடகையைச் சேர்த்தே கொடுத்துவிட்டார். ஆறாவது 17ஆம் தேதி காலி.

அந்த ஒரு மாதத்தை நான்கு மென்பொருளிலும் ஏற்றிப் பார். குழாய்ச் செலவை எப்படி எழுத விடுகிறது என்று கவனி. வாடகை முழுதாக வரவு, ரிப்பேர் தனியாகச் செலவு, கழித்தால் அவர் கையில் கொடுத்த மீதி என்று வர வேண்டும். வாடகையைக் குறைத்து மட்டும் போடச் சொன்னால், ஒன்று அவர் பேரில் பொய்யாகப் பாக்கி நிற்கும், இல்லை வருடக் கடைசியில் செலவுக் கணக்கில் அந்த ரிப்பேர் இருக்காது. 17ஆம் தேதி காலி செய்தவரைப் பார். வாடகை 9,300, அது 31 நாள் மாதம் என்று வை. மாதத்தின் நாட்களால் வகுத்தால் 17 நாளுக்கு 5,100. மாதம் என்றால் 30 நாள் என்று வகுத்தால் 5,270. வருட வாடகையை 365ஆல் வகுத்தால் சுமார் 5,198. மூன்றுமே நடைமுறையில் உள்ளவைதான். நம் ஒப்பந்தத்தில் இருக்கிற முறையை அதில் தேர்ந்தெடுக்க முடிகிறதா? முடியாவிட்டால், காலி செய்கிற ஒவ்வொருவரிடமும் நீதான் வாதாட வேண்டியிருக்கும்.

அடுத்தது அட்வான்ஸ். இதில் நான் சூடு பட்டவன். ஆரம்பத்தில் அட்வான்ஸையும் வாடகையையும் ஒரே பத்தியில் எழுதி, ஒரே கணக்கில் போட்டு, மாடிக் கூரை ஒழுகியபோது எடுத்துச் செலவழித்துவிட்டேன். ஒரே மாதத்தில் இரண்டு பேர் காலி செய்ததும் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். அம்மாவைக் கேள், கதை கதையாகச் சொல்வாள். அட்வான்ஸ் நம் வருமானம் இல்லை கண்ணு, நாம் திருப்பித் தர வேண்டிய கடன். மென்பொருளும் அதைக் கடனாகத்தான் காட்ட வேண்டும். ஒரு அட்வான்ஸை ஏற்றிவிட்டு அந்த மாத வருமான அறிக்கையைத் திற. தொகை ஏறியிருந்தால் அதை அப்போதே மூடிவிடலாம்.

அட்வான்ஸுக்கென்று தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொண்டு, மாதக் கடைசியில் மூன்று தொகைகள் ஒத்துப்போகின்றனவா என்றும் பார். அந்தக் கணக்கின் வங்கி இருப்பு, அதற்கு மென்பொருள் காட்டும் இருப்பு, ஒவ்வொருவர் பேரிலும் நிற்கும் அட்வான்ஸ்களின் கூட்டுத்தொகை. வாடகைப் பணமும் அதிலேயே கலந்தால் இவை ஒத்துப்போகாது.

கட்டணத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. போர்ஷனுக்கு இவ்வளவு என்பார்கள், கீழே பொடி எழுத்தில் குறைந்தபட்சத் தொகை ஒன்று இருக்கும். இருநூறு வீடு வைத்திருப்பவருக்காக எழுதியதை ஏழுக்கு வாங்கினால் அந்தக் குறைந்தபட்சம்தான் நம் விலை. ஆன்லைனில் வாடகை கட்டும்போது பிடிக்கும் கட்டணம் யார் தலையில் விழுகிறது என்றும் கேட்டுக்கொள். முதல் போர்ஷன் பெரியவர் எந்த ஆப்பையும் தொட மாட்டார். அவர் பணத்தைக் கையால் ஏற்றி ரசீது எடுக்க முடிய வேண்டும்.

உள்ளே போவதற்கு முன் வெளியே வரும் வழியைப் பார். 2019இல் பில்டியம் என்ற வாடகை மென்பொருளை ரியல்பேஜ் என்ற பெரிய நிறுவனம் வாங்கியது. இப்படிக் கை மாறும்போது விலையும் விதியும் மாறலாம், நம்மைக் கேட்டுக்கொண்டு செய்ய மாட்டார்கள். அதே ரியல்பேஜ் மேல் 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதித்துறை வழக்குத் தொடர்ந்தது. ஒருவருக்கொருவர் போட்டியான வீட்டு உரிமையாளர்களின் வாடகை விவரங்களைச் சேர்த்து, எவ்வளவு வாடகை கேட்கலாம் என்று மென்பொருள் சொல்லிக்கொடுக்கிறது என்பது புகார். நீ அனுப்பியதில் ஒன்றில் 'வாடகைப் பரிந்துரை' என்று இருக்கிறது. அதை அணைத்து வை. குடியிருப்பவரை நமக்குத் தெரியும், அதற்குத் தெரியாது. ட்ரையலிலேயே முழுப் பேரேட்டையும் எக்செல்லில் திறக்கக்கூடிய சிஎஸ்வி கோப்பாக இறக்கிப் பார். ஒப்பந்த நகல்களும் மொத்தமாக வருகிறதா என்று பார். வெறும் பிடிஎஃப் அறிக்கைதான் வரும் என்றால் வேண்டாம்.

அடையாள அட்டை நகல்களை ஏற்றுவதற்கு முன் பாஸ்வேர்டோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்கிற இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டுவிடு. தம்பிக்குத் தனி லாகின் கொடு, உன் பாஸ்வேர்டைக் கொடுக்காதே.

ட்ரையலை மாத நடுவில் தொடங்காதே, வாடகைத் தேதி அதற்குள் வருகிற மாதிரி பார்த்துக்கொள். நடுப்பக்கத்தைப் படம் எடுத்து இதோடு அனுப்பியிருக்கிறேன். ஏழாம் போர்ஷன் வரிசையில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி இருக்கும். ஏன் போட்டேன் என்று எனக்கே மறந்துவிட்டது. கூட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தால் எனக்கும் சொல்.

அன்புடன்,
அப்பா